கீபோர்டில் பியானோ சத்தம் சரியில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

கன்னியாகுமரி மாவட்டத்தில் கீபோர்டு இல்லாத ஆலயம் அபூர்வம். சிஎஸ்ஐ பாடகர் குழு, கடலோர ஊர்களின் திருவிழாத் திருப்பலி, பெந்தெகொஸ்தே சபை ஆராதனை, டிசம்பரில் வேன் ஏறும் கேரல் குழு, கானமேளா மேடை என எங்கே போனாலும் ஸ்டாண்டில் ஒரு வொர்க்ஸ்டேஷன் (பல கருவிகளின் ஒலியும் பதிவு வசதியும் உள்ள கீபோர்டு) நிற்கும். அதில் அதிகம் வாசிப்பது பியானோ டோன். அதிகம் குறை கேட்பதும் அதைப் பற்றித்தான். "அண்ணே, பியானோ நல்லாவே இல்ல, வேற கீபோர்டு வாங்கணும் போல" என்று தம்பிமார் கேட்கும்போது நான் சொல்வது ஒன்றுதான்: காசை எடுக்கும் முன் சத்தம் வருகிற வழியைப் பார். விரல், கட்டைக்கு அடியிலுள்ள கான்டாக்ட், வெலாசிட்டி (கட்டை இறங்கும் வேகம்), பேட்ச் (நாம் தேர்ந்தெடுக்கும் ஒலி அமைப்பு), எஃபெக்ட், கேபிள், மிக்சர், ஸ்பீக்கர், கடைசியில் கட்டடம். இதில் எந்த இடத்திலும் பியானோ கெடலாம். கருவிக்குள் இருக்கும் சாம்பிள் (பியானோவிலிருந்து பதிந்த ஒலித் துண்டு)தான் குற்றவாளி என்று முடிவது குறைவு.

தொடங்கும் முன் ஒரு சோதனை. எல்லா கேபிளையும் கழற்றிவிட்டு, நல்ல ஹெட்போனை நேரே கீபோர்டில் செருகுங்கள். கருவியோடு வந்த முதல் கிராண்ட் பியானோ பேட்சை, எதையும் மாற்றாமல் வாசியுங்கள். அங்கே நன்றாக இருந்தால் கோளாறு வெளியே. அங்கேயும் மோசம் என்றால் உள்ளே. இதைச் செய்யாமல் ஈக்வலைசரைத் திருகுவது வீண் வேலை.

ஹெட்போனில் அருமை, ஆலய ஸ்பீக்கரில் மெலிந்து, குழாய்க்குள்ளிருந்து வருவது போல்

நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். காரணம் பெரும்பாலும் ஸ்டீரியோ (இடது, வலது என இரண்டு லைன்), மோனோ (ஒரே லைன்) விவகாரம்.

பியானோவை ஸ்டீரியோவில் பதியும்போது இரண்டு மைக் வைப்பார்கள். ஒரே தந்தியின் சத்தம் ஒரு மைக்குக்கு முன்னதாகவும் இன்னொன்றுக்குச் சற்றுப் பிந்தியும் போய்ச் சேரும். ஹெட்போனில் அந்த வித்தியாசம்தான் அகலமாக, அழகாகக் கேட்கிறது. இரண்டையும் ஒரே லைனில் கலந்தால் சில அதிர்வெண்கள் ஒன்றை ஒன்று அழித்துவிடும். கணக்கு எளிது: இரண்டு மைக்குக்கும் தூர வித்தியாசம் 34 செ.மீ. என்றால் சத்தம் சுமார் 1 மில்லிசெகண்ட் பிந்துகிறது. அப்போது 500 ஹெர்ட்ஸ், 1500, 2500 என வரிசையாகப் பள்ளம் விழும். நடு சி தொடங்கும் ஸ்தாயியின் பி கட்டை 494 ஹெர்ட்ஸ். அதாவது மெலடி வாசிக்கும் இடத்திலேயே அடி விழுகிறது. கேட்கிறவருக்குக் காரணம் தெரியாது. "பியானோவுல உயிரே இல்லியே" என்பார்.

நம் ஊர் ஆலயங்களில் ஒலிபெருக்கி பெரும்பாலும் மோனோதான். மார்த்தாண்டம் பக்கம் ஒரு ஆலயத்தில் ஒத்திகையின்போது சவுண்ட்காரர் ஒரே ஒரு கேபிளை நீட்டினார். "ரெண்டு லைன் எதுக்கு தம்பி? எல்லாம் ஒண்ணாத்தானே போகுது?" என்று கேட்டார். அவர் சொன்னது உண்மை. அந்த ஒற்றை கேபிளை கீபோர்டின் பின்னால் 'எல்/மோனோ' என்று போட்டிருக்கும் துளையில் செருகி, நடு ஸ்தாயியில் ஒவ்வொரு கட்டையாக, கறுப்பும் வெள்ளையும் விடாமல், ஒரே அழுத்தத்தில் வாசித்தோம். ஏறிக்கொண்டே போன வரிசையில் இரண்டு கட்டைகள் மட்டும் பின்வாங்கி நின்றன. அதே கட்டைகள் ஹெட்போனில் மற்றவற்றோடு சமமாக இருந்தன. அப்புறம் வலது பக்க 'ஆர்' துளையில் எதிலும் இணைக்காத ஒரு வெற்று ஜாக்கைச் செருகினேன். அந்த இரண்டும் மேலே வந்துவிட்டன.

என்ன நடந்தது? எல்/மோனோ துளையில் மட்டும் ஜாக் இருந்தால் கீபோர்டு இடது, வலது இரண்டையும் கலந்து அனுப்பும். வலதிலும் ஒரு ஜாக் இருப்பதாக அதற்குத் தெரிந்தால் கலப்பதை நிறுத்திவிட்டு, இடது துளையில் இடதை மட்டும் அனுப்பும். எதுவும் அழியாது. இடது சேனலில் மேல் ஸ்தாயி சற்றுக் குறைந்து கேட்கும் பேட்ச்களும் உண்டு. அப்படியானால் வலதிலிருந்து லைன் எடுத்து, வெற்று ஜாக்கை இடதில் வையுங்கள். எது முழுமையாக இருக்கிறதோ அதை வைத்துக்கொள்ளலாம்.

இதைவிட நல்ல வழி மோனோ பியானோ பேட்ச். சில கருவிகளில் பட்டியலிலேயே அது இருக்கும். பழைய கருவிகள் பலவற்றில் இடது சாம்பிள் ஒரு டோன் (பேட்சின் உட்பகுதி), வலது சாம்பிள் இன்னொரு டோன் என்று தனித்தனியாக இருக்கும். எடிட்டுக்குள் போய் ஒன்றை அணைத்துவிட்டு, மற்றதன் பேனை (ஒலி இடமா வலமா என்பதை வைக்கும் அளவு) நடுவுக்குக் கொண்டுவந்து, வேறு பெயரில் சேமித்துக்கொள்ளுங்கள். இரண்டு டோனையும் வைத்துக்கொண்டு பேனை மட்டும் நடுவுக்குக் கொண்டுவந்தால் அதே அழிவுதான் திரும்ப வரும்.

இவ்வளவும் செய்த பிறகும் மெலிவு போகவில்லை என்றால் ஸ்பீக்கரைப் பாருங்கள். தென்னை மரத்தில் கட்டும் குழாய் ஸ்பீக்கர் பேச்சுக்காகச் செய்தது. கீழ் ஸ்தாயியும் உச்ச ஒலியும் அதில் வரவே வராது. எவ்வளவு விலை கொடுத்த கிராண்ட் பியானோவும் அங்கே தோற்றுவிடும். அந்த மேடைக்கு மிருதுவான கச்சேரிப் பியானோவை விட்டுவிட்டு, பளிச்சென்று வெட்டுகிற பாப் பியானோ பேட்சை எடுங்கள். இடது கையை ஒரு ஸ்தாயி மேலே கொண்டுவாருங்கள்.

சத்தம் கரகரவென்று உடைந்தால் அது வேறு விஷயம். கீபோர்டு லைனை மிக்சரின் மைக் துளையில் செருகியிருப்பார்கள். லைன் துளைக்கு மாற்றி, கீபோர்டின் வால்யூமை முக்கால் அளவில் வைத்து, மீதியை மிக்சரின் கெயினில் சரிசெய்யச் சொல்லுங்கள்.

மெதுவாகத் தொட்டாலும் அதட்டுகிறது. அல்லது எவ்வளவு அழுத்தினாலும் மந்தம்

உண்மையான பியானோவில் மெதுவாக அடித்தால் சத்தம் குறைவது மட்டும் இல்லை, ஒலியின் நிறமே மாறும். அதற்காக ஒரே சுரத்தை மெல்லவும் நடுத்தரமாகவும் பலமாகவும் அடித்துத் தனித்தனியாகப் பதிந்து அடுக்கி வைக்கிறார்கள். எந்த அடுக்கு ஒலிக்க வேண்டும் என்பதை 1 முதல் 127 வரையுள்ள வெலாசிட்டி எண் தீர்மானிக்கிறது. 61 கட்டை வொர்க்ஸ்டேஷனில் பெரும்பாலும் ஸ்பிரிங் வைத்த லேசான கட்டைகள். விரல் தானாகவே வேகமாகப் போய்விடும். எண் எப்போதும் 100-ஐத் தாண்டி நிற்கும். அப்போது நீங்கள் கேட்பது பல அடுக்கில் மேலே உள்ள ஒன்றை மட்டும். மீதி எல்லாம் உள்ளே சும்மா கிடக்கும்.

ஊகிக்க வேண்டாம், பார்த்துவிடலாம். கருவியின் சீக்வென்சரில் ஒரு பாட்டை வழக்கம்போல் வாசித்துப் பதியுங்கள். ஈவன்ட் லிஸ்டைத் திறந்து வெலாசிட்டி எண்களைப் பாருங்கள். எல்லாம் 100-க்கு மேல் கூட்டமாக இருந்தால் டச் கர்வை (விரல் வேகத்துக்கு எவ்வளவு எண் என்று வைக்கும் செட்டிங்) 'ஹார்ட்' பக்கம் மாற்றுங்கள். 60-ஐத் தாண்டவே இல்லை என்றால் 'சாஃப்ட்'. எல்லாமே ஒரே எண் என்றால் யாரோ 'ஃபிக்ஸ்டு' போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். பலர் வாசிக்கும் ஆலயக் கீபோர்டில் இது சாதாரணம். ஆர்கன் வாசிக்கப் போட்டதைத் திரும்ப எடுக்க மறந்திருப்பார்கள்.

என் கருத்தில், ஸ்பீக்கரைச் சரிசெய்த பிறகு பியானோவுக்கு அதிகம் உயிர் கொடுப்பது இந்த ஒரு செட்டிங்தான். ஒரு பைசா செலவில்லை.

ஒரே ஒரு கட்டை மட்டும் திடீரென்று கத்துகிறது, அல்லது ஒலிக்கவே இல்லை

பேட்சை மாற்றினாலும் அதே கட்டை அப்படியே செய்தால் கோளாறு கான்டாக்டில்.

சாதாரணக் கட்டைக்கு அடியில் ரப்பர் குமிழ் ஒன்று இருக்கும். அதற்குள் இரண்டு கறுப்புக் கார்பன் பொட்டுகள், ஒன்று சற்று உயரம், ஒன்று தாழ்வு. கட்டையை அழுத்தும்போது ஒன்று முதலில் தொடும், மற்றது பிறகு. இடையிலுள்ள நேரத்தை அளந்துதான் கருவி வெலாசிட்டியைக் கணக்கிடுகிறது. ஒரு பொட்டில் அழுக்குப் படிந்தால் அந்த நேரம் தவறாகிவிடும். மெல்லத் தொட்டதை ஓங்கி அடித்ததாக எடுத்துக்கொள்ளும், அல்லது சுரமே வராது.

நம் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. ஈரம் விட்டுப் போகிற மாதங்கள் குறைவு. குளச்சல், மணவாளக்குறிச்சி, முட்டம் பக்கம் அதோடு உப்புக் காற்றும் சேரும். கடலோர ஆலயம் ஒன்றின் கீபோர்டைத் திறந்தபோது சர்க்யூட் போர்டின் கான்டாக்ட் தடங்களில் வெண்மையாக ஒரு படலம், ஜன்னல் பக்கம் இருந்த ஓரத்தில் மட்டும். மறு ஓரம் புதிது போல் இருந்தது. ரப்பர் பட்டையின் கீழே எறும்பு வேறு முட்டை வைத்திருந்தது. சத்தம் கெட்டிருந்ததும் ஜன்னல் பக்கத்து மேல் ஸ்தாயியில்தான்.

சுத்தம் செய்ய ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் போதும். அடாப்டரைக் கழற்றிவிட்டு, திருகுகளை எடுத்த இடம் மறக்காமல் பிரித்து, ரப்பர் பட்டையை மெல்ல உரித்து, காட்டன் பட்ஸில் தொட்டு போர்டின் தடங்களைத் துடையுங்கள். கார்பன் பொட்டுகளை அழுத்தித் தேய்த்தால் கார்பன் போய்விடும், லேசாக ஒற்றி எடுத்தால் போதும். நன்றாகக் காய்ந்த பிறகு மூடுங்கள். பெட்ரோல், தேங்காய் எண்ணெய், துரு நீக்கும் ஸ்பிரே எதுவும் கூடாது. எமரித் தாள் கூடவே கூடாது. உள்ளே உள்ள தட்டையான ரிப்பன் கேபிளை இழுத்தால் கொக்கி உடையும். கை பழகாதவர்கள் மெக்கானிக்கிடம் கொடுப்பதே நல்லது. வாரன்டி இருந்தால் திறக்கவே வேண்டாம்.

அப்புறம், கீபோர்டை ஜன்னலோரம் வைக்காதீர்கள். வாசித்து முடித்ததும் துணி உறை போடுங்கள், பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் போட்டு மாதாமாதம் மாற்றுங்கள். ஈரத்தோடு பிளாஸ்டிக் உறையில் மூடி வைத்தால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும்.

பெடல் பிடித்து வாசிக்கும்போது பழைய சுரங்கள் பாதியில் அறுந்து போகின்றன

கருவி ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய குரல்களுக்கு (தனித்தனி ஒலிகளுக்கு) எல்லை உண்டு. 1988-இல் வந்த கோர்க் எம்1-க்கு 16. 1999-இன் கோர்க் ட்ரைட்டனுக்கு 62. ரோலண்ட் ஜூனோ டிஎஸ்-க்கு 128. கேட்க நிறைய மாதிரி இருக்கும். ஆனால் இடது, வலது இரண்டையும் தனிக் குரலாக எண்ணும் கருவியில் ஸ்டீரியோ பியானோவின் ஒரு கட்டைக்கே 2 குரல் போகும். அதோடு சேர்ந்து ஒலிக்க வைக்கும் ஸ்ட்ரிங்ஸ் (வயலின் கூட்டொலி) லேயருக்கு இன்னொரு 4 சேர்ந்தால் ஒரு கட்டைக்கு 6. ஐந்து விரல் கார்டுக்கு 30. பெடலை விடாமல் நான்கு கார்டு மாற்றினால் 120. அதோடு ரிதமும் ஓடினால் 128 தாங்காது. பழைய சுரங்களைக் கருவி ஒவ்வொன்றாக வெட்டிவிடும். இடது கை பேஸ் சுரம் திடீரென்று காணாமல் போவது இதனால்தான்.

லேயரைக் குறையுங்கள். மோனோ ஸ்பீக்கருக்குத்தான் போகிறது என்றால் முன்னே சொன்ன மோனோ பேட்ச் இங்கேயும் பியானோவின் பாதிக் குரலை மிச்சப்படுத்தும். ஸ்ட்ரிங்ஸுக்கு எளிய பேட்ச் போதும், பியானோவுக்குப் பின்னால் அதன் நுணுக்கம் யாருக்கும் கேட்காது. கார்டு மாறும்போது பெடலையும் மாற்றி மிதிக்கப் பழகுங்கள். ஞானப்பாட்டு, கீர்த்தனை முழுவதும் பெடலில் காலை ஊன்றியபடியே வாசிக்கும் பழக்கம் நம்மிடம் பரவலாக உண்டு. அது குரலையும் தின்னும், காதையும் அடைக்கும்.

பெடல் தலைகீழாக வேலை செய்கிறது

மிதித்தால் அறுகிறது, விட்டால் நீள்கிறது. கம்பெனிக்குக் கம்பெனி பெடல் சுவிட்சின் போலாரிட்டி வேறு. கருவியை அணைத்து, பெடலைச் செருகி, காலை எடுத்துவிட்டு ஆன் செய்யுங்கள். பல கருவிகள் ஆன் ஆகும்போதுதான் போலாரிட்டியைப் படித்துக்கொள்கின்றன. சரியாகவில்லை என்றால் மெனுவில் மாற்றலாம். சில பெடல்களின் அடியிலேயே சிறிய சுவிட்ச் இருக்கும்.

பாதி மிதிக்கு ஏற்ற பெடல் வாங்கியும் பயன் தெரியவில்லை என்றால் மெனுவில் பெடல் வகையை 'ஹாஃப் டாம்பர்' (டாம்பர் என்பது தந்தியின் அதிர்வை நிறுத்தும் திண்டு) என்று மாற்றியிருக்க மாட்டீர்கள். கருவி அதை வெறும் ஆன், ஆஃப் சுவிட்சாகவே நினைத்துக்கொண்டிருக்கும்.

தனியாக வாசித்தால் நல்ல பியானோ, காம்பியிலோ (பல டோன் சேர்ந்த அமைப்பு) பாட்டிலோ சேர்த்ததும் வறண்டு போகிறது

எஃபெக்ட்தான் காரணம். பேட்ச் தனியாக இருக்கும்போது அதற்கே உரிய ஈக்வலைசர், கம்ப்ரஸர், ரிவெர்ப் (எதிரொலி), டாம்பர் அதிர்வு எல்லாம் கூட வேலை செய்கின்றன. பல டோன்களைச் சேர்த்து வாசிக்கும் முறைக்குப் போனதும் பல கருவிகள் அவற்றைக் கழற்றிவிடும். கோர்க் காம்பியில் ஓடுவது காம்பியின் எஃபெக்ட், பேட்சுடையது இல்லை. யமஹா மோட்டிஃப் வரிசையில் எந்தெந்தப் பார்ட்டுக்கு இன்சர்ட் எஃபெக்ட் வேண்டும் என்று நாமே ஆன் செய்ய வேண்டும். பேட்சின் எஃபெக்ட் பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டு, காம்பியில் அதே அளவுகளைப் போட்டுச் சேமியுங்கள். எஃபெக்டை நகலெடுக்கும் வசதியும் சில கருவிகளில் உண்டு.

பியானோ திடீரென்று சன்னமாகிவிட்டது, நிறம் மாறிவிட்டது என்றால் முதலில் எக்ஸ்பிரஷன் பெடலையும் (சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் பெடல்) முன்பக்கக் குமிழ்களையும் பாருங்கள். யாராவது கட்ஆஃபை (ஒலியின் பளிச்சைக் குறைக்கும் குமிழ்) திருகியிருக்கலாம். வேறு பேட்சுக்குப் போய்த் திரும்பி வந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

லேப்டாப்போடு இணைத்ததும் உலோகம் உரசுவது போல்

ஒவ்வொரு சுரமும் இரண்டு முறை ஒலிக்கிறது. விரல் நேரே கருவியை ஒலிக்க வைக்கிறது. அதே சுரம் லேப்டாப் மென்பொருளுக்குப் போய்த் திரும்பி வந்து இன்னொரு முறை ஒலிக்க வைக்கிறது. இடையில் சில மில்லிசெகண்ட் தாமதம், அதனால்தான் அந்த உரசல். குரல்களும் இரண்டு மடங்கு செலவாகும். கீபோர்டில் 'லோக்கல் கன்ட்ரோல்' ஆஃப் செய்யுங்கள், அல்லது மென்பொருளில் மிடி எக்கோவை (வந்த சுரத்தைத் திருப்பி அனுப்புவதை) நிறுத்துங்கள். வேலை முடிந்ததும் லோக்கலைத் திரும்ப ஆன் செய்ய மறந்தால் ஞாயிறு காலை கீபோர்டு ஊமையாகிவிடும்.

லேப்டாப் வந்ததும் 'ம்ம்' என்று இரைச்சல் சேர்ந்தால் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் எர்த் லூப். கிரவுண்ட் லிஃப்ட் உள்ள டிஐ பாக்ஸ் (சிக்னல் கேபிளின் எர்த் இணைப்பைப் பிரிக்கும் சிறு பெட்டி) ஒன்று வாங்கிப் போடுங்கள். பிளக்கின் எர்த் கம்பியை வெட்டுவது சில மேடைகளில் நடக்கிறது. அது உயிருக்கு ஆபத்து, தயவுசெய்து செய்யாதீர்கள்.

பெரிய ஆலயத்தில் எல்லாம் கலங்கிப் போகிறது

உயர்ந்த கூரையும் கல் சுவரும் உள்ள ஆலயம் தானே ரிவெர்ப் கொடுக்கும். கருவியின் ரிவெர்ப் அதற்கு மேல் எதற்கு? முழுவதும் அணைத்துவிட்டு, ஆட்கள் நிறைந்த பிறகு தேவையானால் துளி சேருங்கள். பேஸ் கிடார் இருந்தால் இடது கையைக் கனமாக வாசிக்காதீர்கள். மிக்சரில் 250 முதல் 300 ஹெர்ட்ஸ் வாக்கில் கொஞ்சம் குறைத்தால் பாடுகிறவர்களின் வார்த்தை தெளியும்.

நீளமாகப் பிடித்தால் ஆர்கன் மாதிரி ஆகிவிடுகிறது

இதுதான் கருவியின் சொந்தக் குறை. நினைவகம் சிறிதாக இருந்த காலத்தில் சுரத்தின் தொடக்கத்தை மட்டும் பதிந்து, மீதியை ஒரு சிறு துண்டைச் சுழற்றி ஓட்டினார்கள். எம்1-இல் எல்லா டோனுக்கும் சேர்த்தே 4 எம்பி. மோட்டிஃப் எக்ஸ்எஃப் 741 எம்பிக்கு வந்தது. 2016-இன் யமஹா மான்டேஜில் 5.67 ஜிபி. 2011-இல் வந்த கோர்க் குரோனோஸ், பியானோ சாம்பிளை எஸ்எஸ்டியிலிருந்து நேரடியாகப் படித்து, சுழற்சியே இல்லாமல் சுரம் இயல்பாக அடங்கும் வரை ஓட விட்டது.

பழைய கருவியில் இதற்கு மருந்து இல்லை. சமாளிக்கலாம்: நீண்ட சுரங்களுக்கு அடியில் மெல்லிய ஸ்ட்ரிங்ஸ் வைத்தால் சுழற்சி மறையும். லேப்டாப்பில் பியானோ மென்பொருள் ஓட்டி, கீபோர்டைக் கட்டைக்காக மட்டும் பயன்படுத்துவது இன்னொரு வழி.

இந்தக் குறைக்காகத்தான் புதிது வாங்கப் போகிறீர்கள் என்றால், கடையில் டெமோ பாட்டைக் கேட்டு மயங்க வேண்டாம். சொந்த ஹெட்போனைக் கொண்டுபோங்கள். கீழ் ஸ்தாயியில் ஒரு கட்டையைப் பிடித்து, சத்தம் முழுவதும் அடங்கும் வரை காத்திருங்கள். சீராகத் தேய்ந்து அடங்க வேண்டும், ஒரே மாதிரி அலை அலையாகத் திரும்பி வரக்கூடாது. பிறகு ஒவ்வொரு கட்டையாக ஏறிப் போய், சாம்பிள் மாறுகிற இடத்தில் நிறம் குதிக்கிறதா என்று கேளுங்கள். ஒரே கட்டையை மெல்லத் தொடங்கிப் பலமாக அடித்துக்கொண்டே போய், இடையில் படி தட்டுகிறதா என்றும் பாருங்கள். கடைசியாக ஒற்றை லைனில் ஒரு ஸ்பீக்கரில் போட்டுக் கேளுங்கள், நம் ஆலயத்தில் அப்படித்தானே ஒலிக்கப் போகிறது.

கோளாறு மாதிரி தெரியும், கோளாறு இல்லை

மேலே கடைசிச் சில கட்டைகள் கையை எடுத்த பிறகும் ஒலிக்கின்றன என்று சிலர் கொண்டுவருவார்கள். உண்மையான பியானோவில் உச்சியில் சுமார் ஒன்றரை ஸ்தாயிக்கு டாம்பர் கிடையாது. சாம்பிள் அதை அப்படியே பின்பற்றுகிறது.

மேல் ஸ்தாயி ஸ்ருதி ஒரு இழை கூடியது போலவும் தோன்றலாம். பியானோத் தந்திகளின் விறைப்பால் அவற்றின் மேல் அதிர்வுகள் சற்றே கூடி நிற்கும். அதற்கேற்ப ட்யூனர்கள் மேல் ஸ்தாயியைக் கொஞ்சம் ஏற்றியும் கீழ் ஸ்தாயியைக் கொஞ்சம் இறக்கியும் ஸ்ருதி கூட்டுவார்கள். நல்ல பேட்ச்களில் அதுவும் உண்டு. தனிப் பியானோவுக்கு அது அழகு. புல்லாங்குழலோ வயலினோ உச்சத்தில் கூடச் சேரும்போது உறுத்தினால், எடிட்டில் 'ஸ்ட்ரெச் ட்யூன்' என்று இருப்பதை அந்தப் பாட்டுக்கு மட்டும் ஆஃப் செய்துகொள்ளுங்கள்.